‘கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்’: ஒரு மண்சரிவு அறிவித்தலின் நிகழ்வு ஆய்வு

ஒக்டோபர் பிறந்து மழை பிடித்துக்கொண்டால், பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கங்களில் கீழே உள்ளது போன்ற வாசகம் ஏதாவது ஒரு வழியில் வந்து சேரும். அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கும், வட்ஸ்அப்பில் படமாக வரும், வானொலியில் வாசிப்பார்கள். இங்கே தருவது எந்த ஓர் அலுவலகத்தின் அறிவித்தலும் அல்ல. இத்தகைய அறிவித்தல்களில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களை இணைத்து ஆய்வுக்கென்று அமைத்த மாதிரி.

“தற்போது நிலவும் மழையுடனான காலநிலை தொடருமாயின், மண்சரிவு அபாயம் நிலவும் பிரதேசங்களில் வசிக்கும் பொதுமக்கள், சரிவுகளில் ஏற்படும் வெடிப்புக்கள், நீரூற்றுக்கள் திடீரெனத் தோன்றுதல் அல்லது அற்றுப்போதல் போன்ற முன்னறிகுறிகள் தொடர்பில் விழிப்புடன் இருக்குமாறும், தேவையேற்படின் பாதுகாப்பான இடங்களுக்கு வெளியேறுவதற்குத் தயாராக இருக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.”

இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. தகவலும் சரி. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருக்கும் ஓர் அதிகாரி இதை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். சரிவின் அடியில் இருக்கும் வீட்டுக்காரருக்கோ இதிலிருந்து செய்வதற்கு ஒரு வேலையும் கிடைக்காது. எங்கே அறுகிறது என்பதைச் சொல் சொல்லாகப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

அறிவித்தலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மழையளவை வைத்து விடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் கிளம்பத் தயாராக வேண்டும். 150 மில்லிமீற்றர், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் உடனே அந்த இடத்தை விட்டுப் போய்விட வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்ற நிறங்களும் 1, 2, 3 என்ற எண்களும் இந்தப் படிகளுக்கு வைத்த பெயர்கள்தாம். கணக்கு தெளிவாக இருக்கிறது. மாதிரி வாசகத்திலோ அந்தக் கணக்கில் ஒரு எண்கூட இல்லை. எல்லாம் ‘தேவையேற்படின்’ என்ற ஒரு சொல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டது. தேவை ஏற்பட்டதா இல்லையா என்று யார் சொல்வது? எழுதியவருக்கு விடை தெரியும், ஆனால் அது காகிதத்தில் இறங்கவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எல்லாப் பழியையும் மொழியின் தலையில் போட முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் (தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது, மாறிப் போக இடம் இல்லை. போக இடமில்லாதவருக்கு எவ்வளவு நல்ல தமிழில் எழுதினாலும் அது வெறும் காகிதம். ஆனால் போக இடம் இருந்தும் வாசகம் விளங்காததால் நேரம் போவது தவிர்க்கக்கூடியது.

வாசிப்பவர் யார், கேட்பவர் யார்

எழுதியவர் மனத்தில் இருந்தது ‘பொதுமக்கள்’ என்ற ஒரே கூட்டம். சரிவில் இருப்பவர்களோ பல வகை. தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்பவர்கள் ஒரு பகுதி. தோட்டத்தில் குடியிருந்துகொண்டு ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடையில் நிற்பவர்கள், கொழும்பில் வேலை பார்த்துத் தீபாவளிக்கு வருபவர்கள் இன்னொரு பகுதி. லயத்திலிருந்து தனி வீட்டுக்கு மாறியவர்கள் இருக்கிறார்கள். டவுனில் முஸ்லிம் குடும்பங்கள், அதே சரிவின் கீழ்ப்பக்கத்தில் சிங்களக் கிராமம். அலுவலக மேசையில் யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மாற்றலாகி வந்த அதிகாரி.

இவர்களில் பலர் அறிவித்தலை வாசிப்பதில்லை, கேட்கிறார்கள். ஏழாம் எட்டாம் ஆண்டுப் பிள்ளை சத்தமாக வாசிக்க, அப்பாயி (பாட்டி) இஸ்தோப்பில் (திண்ணையில்) இருந்து கேட்பது வழக்கமான காட்சி. அப்படியானால் வாசகம் முதலில் ஒரு பிள்ளையின் வாய்க்குப் பொருந்த வேண்டும். மாதிரி வாசகத்தில் முப்பதுக்கு மேற்பட்ட சொற்கள் ஒரே வாக்கியத்தில் கிடக்கின்றன. வினை கடைசியில்தான் வருகிறது. ‘வெடிப்புக்கள்’ என்ற இடத்தில் பிள்ளை மூச்சு விடும். ‘இருக்குமாறும்’ வரும்போது, யார் இருக்க வேண்டும் என்பது கேட்பவருக்கு மறந்து போயிருக்கும். சுருக்கக் குறியீடுகள் இன்னும் மோசம். ‘75 மி.மீ.’ என்று அச்சிட்டால் பிள்ளை ‘எழுபத்தைந்து மி மீ’ என்றே வாசிக்கும். அப்பாயிக்கு அது சத்தம் மட்டும்.

விளிக்கும் சொல்லிலேயே ஆட்கள் விலகுவதும் உண்டு. சில பிரசுரங்கள் ‘தோட்டத் தொழிலாளர்களே’ என்று தொடங்கும். கடையில் நிற்கும் மகனும் ஓய்வுபெற்ற தாத்தாவும் அது தங்களுக்கில்லை என்று நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ‘லயன் குடியிருப்பாளர்கள்’ என்றால் தனி வீட்டுக்காரர் விலகிவிடுவார். அவர் வீட்டுக்குப் பின்னாலும் மண்மேட்டை வெட்டித்தான் தளம் எடுத்திருப்பார்கள். ‘வீட்டுக்குப் பின்னால் மண்மேடு உள்ள எல்லோருக்கும்’ என்று தொடங்கினால் ஆளைப் பிரிக்காமல் ஆபத்தைப் பிடித்துவிடலாம்.

தெரிந்த சொல் செய்யும் கேடு

தெரியாத சொல் ஒரு வகையில் நல்லது. ‘முன்னறிகுறி’ விளங்காவிட்டால் யாரிடமாவது கேட்பார்கள். தெரிந்த சொல் வேறு பொருளில் வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். தமக்கு விளங்கிய பொருளோடு போய்விடுவார்கள். தோட்டத்துத் தமிழில் இந்த ஆபத்து அதிகம்.

‘மலையில் வெடிப்பு தென்பட்டால் அறிவிக்கவும்’ என்று ஒரு வரி. வெளியூர்க்காரருக்கு மலை என்றால் உயரத்தில் தெரியும் மலை. தோட்டத்தில் மலை என்றால் தேயிலை நிற்கும் இடம்: பத்தாம் நம்பர் மலை, மேமலை, கீமலை, ‘மலைக்குப் போயிட்டாங்க’ என்றால் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆகவே கொழுந்தெடுக்கும் இடத்தில் வெடிப்பைத் தேட வேண்டும் என்று இந்த வரி விளங்கும். லயத்துக்குப் பின்னால் நாலடியில் இருக்கும் மண்மேடு பார்வைக்குத் தப்பிவிடும். எதிர்த் திசையிலும் இது நடக்கும். தோட்டத்துப் பெண் ஒருவர் போனில் ‘மலையில வெடிச்சிருக்குங்க’ என்று சொன்னால், எங்கோ உச்சியில் என்று அதிகாரி குறித்துக்கொள்வார்.

‘பாதுகாப்பு நிலையத்தில் பெயர்களைப் பதிவு செய்துகொள்ளவும்’ என்ற வரியும் இப்படித்தான். தோட்டத்தில் பேர் போடுவது அன்றைய வேலைக் கணக்கு. அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம். பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேர் பதிய வேண்டும் என்று கேட்டவர், அதற்குக் காசு வருமா என்று விசாரித்தால் அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ‘யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்’ என்றால் குழப்பமில்லை.

எண்ணிலும் கண்ணி இருக்கிறது. ‘முதலாம் நிலை எச்சரிக்கை’ என்றால் முதலாம் தரம் போல, எல்லாவற்றிலும் பெரியது என்று படும். கணக்கில் 1 என்பது ஆகக் குறைந்த படி. மூன்றாம் நிலை என்று கேட்டவர் ‘இன்னும் மூன்றாவதுதானே’ என்று உட்கார்ந்துவிடலாம். நிறங்களின் பாடு வேறு. வர்ணத்தில் அச்சிட்டதைப் போட்டோகொப்பி எடுத்தால் மஞ்சளும் செம்மஞ்சளும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்.

எல்லாவற்றையும்விடக் கனமான சொல் ‘வெளியேறு’. அனர்த்த முகாமைத்துவத்தில் அது ஒரு துறைச்சொல், அவ்வளவுதான். இந்த மலைகளிலோ அதற்கு வேறு ஒரு கணக்கு உண்டு. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் செய்துகொண்டது, இந்திய வம்சாவளித் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தது. பல குடும்பங்களில் பாதி அங்கேயும் பாதி இங்கேயுமாகிப் போனது. லயக் காம்பரா (லயத்து அறை) இன்றைக்கும் பலருக்குச் சொந்தமில்லை, வேலையோடு வந்தது. ஆகவே ‘வீட்டை விட்டு வெளியேறுங்கள்’ என்று கேட்டவுடன் மண்சரிவுக்கு முன்னால் வரும் கேள்வி, ‘திரும்ப விடுவாங்களா?’ என்பது. ‘போங்கள்’ என்ற சின்னச் சொல்லில் அந்தப் பாரம் இல்லை. ‘மழை விட்டதும் திரும்பி வரலாம்’ என்று சேர்க்க எழுதுபவருக்குக் கை துறுதுறுக்கும். சேர்க்கக் கூடாது. பரிசோதித்தபின் அந்த லயம் குடியிருக்கத் தகாதது என்று சொல்லிவிடலாம். அப்போது பொய் சொன்னது அறிவித்தல்தான் என்றாகும். அடுத்த வருசம் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.

திருத்திய வாசகம்

திருத்தும்போது பிடித்துக்கொண்ட வழி இது: வினைமுடிவுகள் பள்ளிப் புத்தகத் தமிழில், பொருட்பெயர்கள் தோட்டத்துத் தமிழில். முழுவதையும் பேச்சுத் தமிழில் எழுதினால் நெருக்கமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ‘தண்ணி கலங்கி வந்துருச்சின்னா’ என்பதை வாசிக்கக் கொடுத்தால் பிள்ளை திக்கும்; பள்ளியில் அந்த எழுத்துக்கூட்டலைப் பார்த்ததில்லை. பெரியவர்களில் சிலருக்கு ‘எங்களுக்கு இவ்வளவுதான் வரும் என்று நினைத்தார்களோ’ என்று தோன்றும். அந்த மனக்கசப்பும் ஒரு வகை விலக்கல்தான். கீழே வரும் மழைப் போத்தல் என்பது மழையை அளக்கக் கோடு கீறிய சோடாப் போத்தல்; செய்யும் விதம் பின்னால் வருகிறது. பீலி என்பது ஊற்றுத் தண்ணீர் விழும் குழாய், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண். புள்ளிக்கோடு, போக வேண்டிய இடத்தின் பெயரை எழுத விட்டது.

“வீட்டுக்குப் பின்னால் மண்மேடு உள்ள எல்லோருக்கும்.

மழைப் போத்தலைத் தினமும் காலை எட்டரைக்குப் பாருங்கள்.

தண்ணீர் கீழ்க் கோட்டைத் தொட்டால் (75 மில்லிமீற்றர், மூன்று அங்குலம்): வீட்டைச் சுற்றிப் பாருங்கள். சுவரில், தரையில் புதிய வெடிப்பு இருக்கிறதா? பீலித் தண்ணீர் கலங்கி வருகிறதா? திடீரென நின்றுவிட்டதா? இல்லாத இடத்தில் ஊற்று வந்திருக்கிறதா? மரம், கரண்ட் கம்பம் சாய்ந்திருக்கிறதா?

நடுக் கோட்டைத் தொட்டால் (100 மில்லிமீற்றர், நான்கு அங்குலம்): அடையாள அட்டை, மருந்து, டோர்ச் மூன்றையும் ஒரு பையில் வையுங்கள். வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் பகலிலேயே ………………க்கு அனுப்புங்கள்.

மேல் கோட்டைத் தொட்டால் (150 மில்லிமீற்றர், ஆறு அங்குலம்): எல்லோரும் உடனே ………………க்குப் போங்கள். யார் சொல்வதற்கும் காத்திருக்க வேண்டாம்.

ஒரு மணித்தியாலத்துக்குள் கீழ்க் கோடு வரை ஏறினாலும் உடனே போங்கள்.

புதிய வெடிப்பையோ கலங்கல் தண்ணீரையோ கண்டால் போத்தலைப் பார்க்க வேண்டாம். உடனே போங்கள். போனபின் 117க்குச் சொல்லுங்கள்.”

நிலை 1, 2, 3 போய் கீழ்க் கோடு, நடுக் கோடு, மேல் கோடு வந்தது. தண்ணீர் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். எது பெரியது என்ற சந்தேகம் வராது. வயதானவர்களில் பலருக்கு மழை இன்னும் அங்குலத்தில்தான் மனதில் நிற்கிறது, அதனால் இரண்டு அளவும் போட வேண்டியிருக்கிறது. மூன்று அங்குலம் என்பது 76 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அந்த வித்தியாசத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

‘நீரூற்று’ தனியாக நின்றபோது யாருக்கும் எட்டாத சொல்லாக இருந்தது. தினமும் குடம் வைக்கும் பீலியைச் சொன்னவுடன் கவனிக்க ஒரு பொருள் கிடைத்துவிடுகிறது. அறிகுறியின் காரணமும் அதில்தான் இருக்கிறது. மண்ணுக்குள் தண்ணீர் போகும் வழி மாறும்போது ஊற்று கலங்கும், நிற்கும், அல்லது வேறிடத்தில் வெடித்துக் கிளம்பும்.

‘யார் சொல்வதற்கும் காத்திருக்க வேண்டாம்’ என்ற வரிதான் அச்சுக்குப் போகுமுன் அதிக வாதத்தைக் கிளப்பக்கூடியது. காலை பத்து மணிக்கு மேல் கோடு தொட்டால் கொழுந்தெடுக்கும் பெண்கள் மலையில் நிற்பார்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தால் அன்றைய பேர் என்னாகும்? பழைய பிரசுரங்கள் இதை ‘தோட்ட முகாமையாளரின் ஆலோசனைப்படி’ என்று சுற்றிக்கொண்டு போகும். தொரை என்றும் எழுத முடியாது, முகாமையாளர் என்றால் பேச்சில் ஒட்டாது. அதைவிடப் பெரிய சிக்கல், அவர் சொல்லும் வரை நிற்க வேண்டும் என்று பொருளாகிவிடுவது. பிரதேச செயலகமும் தோட்ட நிர்வாகமும் இந்த வரியை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அன்றைய சம்பளத்தை வெட்டுவதில்லை என்று பெரட்டுக் களத்தில் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்தில்) வாயால் சொல்லியிருக்க வேண்டும். அது நடக்காமல் வரியை மட்டும் அச்சிட்டால் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு அறிவித்தல் கொடுத்த மாதிரி ஆகும்.

போத்தல்

வாசகம் போத்தலை நம்பி நிற்கிறது, ஆகவே போத்தல் சரியாக இருக்க வேண்டும். இடுப்பு ஒடுங்காத, பக்கம் நேரான ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலை எடுங்கள். தோள் பகுதி தொடங்கும் இடத்தில் வெட்டி, வெட்டிய மேல்பாகத்தை மூடி இல்லாமல் தலைகீழாக உள்ளே செருகினால் அதுவே புனல். வேறு அகலமான புனலை வைத்தால் அதிக மழை பிடித்து அளவு கூடிக் காட்டும். அடிப்பாகம் மேடுபள்ளம் என்பதால் சின்னக் கல் போட்டு, பக்கம் நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியக் கோடு கீறுங்கள். அதிலிருந்து மேலே ஏழரை, பத்து, பதினைந்து சென்ரிமீற்றரில் மூன்று கோடுகள். கூரைத் தண்ணீர் தெறிக்காத, மரம் மறைக்காத வெட்டவெளியில் ஒரு கம்பத்தில் கட்ட வேண்டும். பக்கத்தில் எட்டடி உயரத்தில் ஏதாவது நின்றால் பதினாறு அடியாவது தள்ளி.

பிழை அதிகம் நடப்பது கொட்டும்போது. முழுவதையும் கவிழ்த்துவிட்டால் பூச்சியக் கோடு போய்விடும். அடுத்த நாள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இன்னொன்று, இரவில் தொடங்கிய மழை எட்டரைக்கும் நிற்காதபோது கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் கணக்கு இரண்டாக உடையும். கொட்டுமுன் அளவைச் சுவரில் சோக்கால் எழுதி, மழை விடும் வரை அதையும் கூட்டிப் பார்க்கச் சொல்லலாம். கொஞ்சம் முந்திக் கிளம்ப வைக்கும், பரவாயில்லை.

சோதித்துப் பார்ப்பது

‘விளங்குதா?’ என்று கேட்கவே கூடாது. ‘ஆமாங்க’ என்ற பதில்தான் வரும், மரியாதைக்குச் சொல்வது. பிள்ளை ஒருவரை வாசிக்க வைத்து, கேட்ட பெரியவரிடம் ‘இப்ப நடுக் கோடு வரைக்கும் தண்ணி வந்திருச்சி, முதல்ல என்ன செய்வீங்க?’ என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்லும்போது அச்சில் உள்ள சொல்லை விட்டு வேறு சொல்லைப் போட்டால், அந்தச் சொல்லைக் குறித்துக்கொண்டு அடுத்த பிரதியில் அதையே போடுங்கள். பீலி என்று எழுதியதை ஒரு தோட்டத்தில் பைப் என்பார்கள், இன்னொன்றில் குழாய். கான் என்பது எல்லாரும் அறிந்தது, ‘வடிகால்’ அப்படியல்ல. ஒரு டிவிசனில் (தோட்டப் பிரிவில்) செல்லும் வாசகம் பக்கத்து டிவிசனிலும் செல்லும் என்று எடுத்துக்கொள்வது சோம்பல்.

பிறகு அதே பிரதியை வெளியூரிலிருந்து வந்த தமிழ் அதிகாரி ஒருவருக்கும் டவுன் கடைக்காரர் ஒருவருக்கும் கொடுக்க வேண்டும். தோட்டத்துச் சொல் அவர்களிடம் தவறான பொருளில் போகிறதா என்று பார்க்கத்தான். பீலி விளங்காவிட்டால் அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள், அது குற்றமில்லை. பேர், மலை போன்றவை நழுவினால்தான் திருத்தம் வேண்டும்.

சிங்களப் பிரதி

கீழே உள்ள கிராமத்துக்கும் அதே மண்தான். பெரும்பாலும் சிங்களத்தில் எழுதிவிட்டுத் தமிழுக்கு மாற்றுகிறார்கள். மாதிரி வாசகத்தின் ‘மழையுடனான காலநிலை’ அப்படி வந்து குடியேறிய தொடர். வாசகத்தை மொழிபெயர்க்காமல், தகவலை மட்டும் ஒரு கட்டத்தில் எழுதலாம்: அளவு, செய்ய வேண்டியது, இடம், நேரம், எண். அதைப் பார்த்து இருவர் தனித்தனியே தத்தம் மொழியில் எழுதி, கடைசியில் எண்களையும் இடப்பெயர்களையும் மட்டும் ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தைச் சிங்களத்தில் ஒரு பெயராலும் தமிழில் வேறு பெயராலும் அழைக்கும் தோட்டங்கள் நிறைய. இரண்டு பெயரும் இரண்டு பிரதியிலும் வேண்டும். தமிழ் வரிகள் நீண்டால் எழுத்தைச் சிறிதாக்கி இடத்துக்குள் அடக்கும் பழக்கத்தையும் தடுக்க வேண்டும். காம்பராவின் மங்கல் வெளிச்சத்தில் 14 புள்ளிக்குக் குறைந்த எழுத்து வேலைக்காகாது.

புள்ளிக்கோடு போட்டு விட்ட இடங்களைக் கையால்தான் நிரப்ப வேண்டும். லயத்துக்கு லயம் அது மாறும்: மேல் லயத்துக்குக் கோயில் மண்டபம் கிட்ட, கீழ் லயத்துக்கு அதே மண்டபத்துக்குப் போகும் வழி சரிவின் குறுக்கே. வெறுமனே விட்டு ஒட்டினால் அந்த வரி பழைய ‘பாதுகாப்பான இடங்கள்’ தான். ஒக்டோபருக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்களை நிறுத்தி, வழியை நடந்து பார்த்து, அவர்கள் சொல்லும் பெயரில் மார்க்கரால் எழுதலாம். பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.